ஓசையில்லாக் கருவி

ரயில்வேயில் பணி செய்வோர்க்கு ஓசை புதிதன்று. கல்யாண் நிலையத்தை அடுத்த எங்கள் குடியிருப்பில் இரவும் பகலும் வண்டிகளின் ஓட்டம் கேட்டுக்கொண்டே இருக்கும். சரக்குப் பெட்டிகள் ஒன்றோடொன்று மோதி இணையும்போது எழும் இடியோசைக்கும் எங்கள் குழந்தைகள் கண் விழிப்பதில்லை. பழகிய ஓசை தாலாட்டைப் போன்றது. ஆனால் மேல்மாடியில் ஒருவர் தரையில் வைத்துத் தட்டும் சிறு ஓசை அத்தகையது அன்று. அது எப்போது எழும், எப்போது அடங்கும் என்பது கீழே படுத்திருப்பவருக்குத் தெரியாது. ஓர் அடி விழுந்தபின் அடுத்த அடிக்காகக் காத்திருப்பதிலேயே உறக்கம் கலைந்துவிடும்.

அத்தகைய ஓசை ஒன்று என் வீட்டிலிருந்து ஏறத்தாழ ஓராண்டுக் காலம் எழுந்துகொண்டிருந்தது. அதை அடக்க நான் செய்த சிறு கருவியைப் பற்றி இவ்விதழில் எழுத வேண்டும் என்று நம் சங்கத்து அன்பர் ஒருவர் கேட்டுக்கொண்டார். கருவியைப் பற்றி எழுதுவது எளிது. அது எதற்காகச் செய்யப்பட்டது என்பதை மறைத்து எழுதினால் கட்டுரை அரை உண்மையாகிவிடும். ஆகையால் இரண்டையும் எழுதத் துணிந்தேன்.

என் சொந்த ஊர் ஈரோட்டுக்குத் தெற்கே உள்ள ஒரு சிற்றூர். என் பாட்டனார் கவலைக் கிணறுகளுக்குச் சால்பறி தைத்தவர். மாடுகள் சரிவில் இறங்கும்போது கயிற்றோடு கிணற்றிலிருந்து மேலே வரும் தோற்பையே சால்பறி. அதன் தையல் ஓரிடத்தில் விட்டாலும் நீர் வழியிலேயே ஒழுகிவிடும். மின்சார மோட்டார்கள் பரவிய பின் சால்பறிக்கு வேலை இல்லாமல் போயிற்று. என் தகப்பனார் செருப்புத் தைக்கலானார். பேருந்து நிலையத்து வாயிலில் ஒரு சாக்கை விரித்து அமர்ந்து அவர் தைத்த தையலில்தான் நான் பத்தாம் வகுப்பு வரை படித்தேன். பின்னர் ரயில்வேயில் கடைநிலைப் பணியாளனாகச் சேர்ந்து, துறைத் தேர்வு எழுதி எழுத்தன் ஆனேன்.

இந்த வரலாற்றை நான் மும்பைக்கு வந்த 14 ஆண்டுகளில் யாரிடமும் சொன்னதில்லை. ‘தகப்பனார் ஊரில் என்ன செய்கிறார்?’ என்று நம் சங்கத்தில் கேட்டவர்களிடம் ‘சிறு வியாபாரம்’ என்றே சொல்லிவந்தேன். கேட்டவர்கள் அன்போடுதான் கேட்டார்கள். ஆனால் எங்கள் தெரு ஊருக்கு வெளியே இருந்த தெரு. தேநீர்க் கடையில் தமக்கென்று தனிக் குவளை வைத்திருந்ததை என் தகப்பனார் சொல்லக் கேட்டு வளர்ந்தவன் நான். அவ்வாறு வளர்ந்தவனுக்கு அந்தக் கேள்வி எளிய கேள்வியாகத் தோன்றுவதில்லை.

சில ஆண்டுகளுக்கு முன் என் தாயார் காலமானார். தனியே இருந்த தகப்பனாரை இங்கே அழைத்துவந்தேன். அவர் கொண்டுவந்தவை இரண்டு வேட்டிகளும் ஒரு சாக்குப்பையும். அந்தச் சாக்கில் குத்தூசிகள், தோல் சீவும் உளி, மெழுகு உருண்டை, மூன்று கால் இரும்பு, சுத்தியல் ஆகியவை இருந்தன. ‘இவையெல்லாம் இங்கே எதற்கு அப்பா?’ என்று கேட்டேன்.

‘கை சும்மா இருந்தால் மனம் சும்மா இருக்காது, கண்ணு’ என்றார்.

முதல் மூன்று ஆண்டுகள் அந்தச் சாக்கு கட்டிலுக்கு அடியிலேயே கிடந்தது. பேத்தி சிறியவளாக இருந்தாள். அவளைப் பார்த்துக்கொள்வதிலேயே அவர் பொழுது போயிற்று. அவள் பள்ளிக்குப் போகத் தொடங்கியதும் பகற்பொழுது அவருக்கு மிக நீண்டதாயிற்று. ஒரு ஞாயிற்றுக்கிழமை அவரைத் தாராவிக்கு அழைத்துச் சென்றேன். நாலு பேர் தமிழ் பேசக் கேட்டால் ஆறுதலாக இருக்கும் என்பதே என் எண்ணம். அவரோ பேச்சுக் காதில் விழும் முன்பே தோலின் மணத்தைக் கண்டுகொண்டார்.

தாராவிக்கும் தோலுக்கும் உள்ள தொடர்பு நூறாண்டுக்கு மேற்பட்டது. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தமிழகத்திலிருந்து வந்த தோல் பதனிடுவோர் அங்கே தொட்டிகள் அமைத்தனர். பாந்திராவில் இறைச்சிக்கூடம் அருகிலேயே இருந்தது அவர்களுக்கு வசதியாயிற்று. 1971ஆம் ஆண்டில் இறைச்சிக்கூடம் தேவநாருக்கு மாறியது. பதனிடும் தொட்டிகளும் காலப்போக்கில் அகன்றன. ஆயினும் தைக்கும் பட்டறைகளும் விற்கும் கடைகளும் அங்கேயே தங்கின. பதனிட்ட தோல் இப்போது தமிழகத்திலிருந்தும் கான்பூரிலிருந்தும் கல்கத்தாவிலிருந்தும் வந்து இறங்குகிறது. வாணியம்பாடி, ஆம்பூர் என்னும் பெயர்களைக் கடைக்காரர் வாயால் கேட்டபோது என் தகப்பனார் முகம் மலர்ந்ததை நான் கண்டேன். ஒரு தோலை மடித்துப் பார்த்து, முகர்ந்து, ‘இது ஆவாரம்பட்டையில் ஊறியது’ என்றார். அங்கிருந்த பட்டறைக்காரர் அவரை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு அவர் கையிலிருந்த காய்ப்பைப் பார்த்தார். அதற்கு மேல் சான்றிதழ் எதுவும் கேட்கவில்லை. வெட்டி ஒட்டிய தோலைக் கொடுத்துவிட்டு, தைத்துத் தந்தால் பைக்கு இவ்வளவு கூலி என்று பேசினார். வேலையும் கூலியும் என் தகப்பனாருடையவை. ஞாயிறுதோறும் மூட்டையைச் சுமப்பது மட்டுமே என் பங்கு.

தோலைத் துணியைப் போல நேரே ஊசி கொண்டு தைக்க இயலாது. முதலில் துளையிட வேண்டும். துளைகள் ஒரே கோட்டில், ஒரே இடைவெளியில் அமைந்தால்தான் தையல் உறுதியாக நிற்கும். ஊரில் என் தகப்பனார் குத்தூசியால் ஒவ்வொரு துளையாக இடுவார். கண்ணே அவருக்கு அளவுகோல். 67 வயதில் அந்தக் கண் மங்கிவிட்டது. ஆகையால் பட்டறையில் நான்கு பற்கள் கொண்ட உளி ஒன்றைத் தந்தார்கள். பார்ப்பதற்கு முள்கரண்டி போல இருக்கும். ஒரு பல்லுக்கும் அடுத்ததற்கும் 4 மில்லிமீட்டர். இக்கட்டுரையில் அதைப் பல்லுளி என்று குறிப்பிடுகிறேன்.

தோலின் ஓரத்திலிருந்து 4 மில்லிமீட்டர் தள்ளிக் கவராயத்தால் கோடு கீறிக்கொள்ள வேண்டும். கோட்டின்மேல் பல்லுளியை நிறுத்திச் சுத்தியலால் தட்டினால் நான்கு துளைகள் விழும். அடுத்த முறை முதற்பல்லைக் கடைசித் துளையில் பொருத்தித் தட்டினால் இடைவெளி மாறாது. புதிதாக மூன்று துளைகள் கிடைக்கும். ஒரு பைக்கு 180 சென்டிமீட்டர் தையல் என்று கொண்டால் 450 துளைகள். அதற்கு 150 முறை உளியை நிறுத்த வேண்டும். ஒரு முறைக்கு மூன்று அடியாவது வேண்டும். ஆக, ஒரு பைக்கு 450 அடிகள். நான் எழுத்தன் ஆதலால் இதைக் கணக்கிட்டு அறிந்தேன். கீழ்வீட்டார் கணக்கிடாமலே அறிந்திருந்தனர்.

கீழ்வீட்டில் இருப்பவர் ரயில் ஓட்டுநர், மராத்தியர். ஓட்டுநர்க்கு இரவென்றும் பகலென்றும் இல்லை. இரவெல்லாம் வண்டி ஓட்டிவிட்டுக் காலையில் வந்து படுப்பார். ஒருநாள் பிற்பகல் அவருடைய மனைவியார் மாடி ஏறி வந்தார். அவர் முகத்தில் கோபம் இல்லை. ‘பாய்சாப், அவர் இன்றிரவு மறுபடியும் வண்டி எடுக்க வேண்டும். இரண்டு மணி நேரமாகப் புரண்டுகொண்டிருக்கிறார்’ என்று இந்தியில் சொல்லிவிட்டு, சொல்ல நேர்ந்ததற்கு வருந்துபவர் போல நின்றார்.

2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை உள்ள பொழுதை இரவென்று வகுத்து, குடியிருப்புப் பகுதிகளில் ஓசைக்கு எல்லை கட்டியுள்ளன. ஆனால் ஓட்டுநர் வீட்டில் நண்பகலும் நள்ளிரவே. அவர் கண் அயராமல் சிக்னலைப் பார்த்தால்தான் பின்னால் பெட்டிகளில் உள்ள ஆயிரம் பேர் கண் அயரலாம். ரயில்வேயில் பணி செய்யும் எனக்கு இதை ஒருவர் வந்து சொல்ல வேண்டியிருந்ததே என்று நாணினேன்.

அன்று மாலையே தகப்பனாரிடம் சொன்னேன். அவர் மறுபேச்சின்றிச் சுத்தியலைத் துணியில் சுற்றிச் சாக்கில் வைத்தார்.

இங்கே ஓர் உண்மையை மறைக்காமல் எழுத வேண்டும். அப்போது என் நெஞ்சில் எழுந்தது வருத்தம் மட்டும் அன்று. ஒரு நிம்மதியும் எழுந்தது. அந்த ஓசை கீழ்வீட்டாரின் உறக்கத்தைக் கலைத்தது. எனக்கோ அது நான் 14 ஆண்டுகள் மூடிவைத்ததைக் கட்டடம் முழுவதற்கும் அறிவிப்பது போல ஒலித்தது. ‘மேலே என்ன வேலை நடக்கிறது?’ என்று படிக்கட்டில் ஒருவர் கேட்டபோது, ‘பழைய நாற்காலி ஒன்றைப் பழுது பார்க்கிறோம்’ என்று சொல்லியிருக்கிறேன். ஓராண்டுக் காலம் பழுது பார்க்கப்படும் நாற்காலி உலகில் உண்டா? கேட்டவர் சிரித்துக்கொண்டே போய்விட்டார். ஓசை நின்றபோது, நல்லதாயிற்று என்று என் உள்ளத்தின் ஒரு மூலை சொல்லியது. அந்த மூலையை எண்ணி இன்றும் வெட்கப்படுகிறேன்.

வீடு அமைதியாயிற்று. அந்த அமைதியில் என் தகப்பனார் நாளுக்கு நாள் ஒடுங்கலானார். சன்னல் ஓரம் அமர்ந்து போகும் வண்டிகளைப் பார்ப்பார். தட்டில் சோறு பாதி மிஞ்சும். தைக்காத தோலைத் திருப்பிக் கொடுத்துவிட்டு நாங்கள் தாராவியிலிருந்து திரும்பிய நாளில், வண்டியில் என் பக்கம் திரும்பாமலே, ‘ஊருக்குப் போயிடட்டுமா கண்ணு?’ என்று கேட்டார். ஊரில் அவருக்கு யாரும் இல்லை. வீடும் பூட்டிக் கிடக்கிறது. அவர் கேட்டது ஊரை அன்று, வேலையை என்பது எனக்கு விளங்கியது. ஓசை இல்லாமல் துளையிட ஒரு வழி காண வேண்டும் என்று அன்று உறுதி செய்தேன்.

எளிய வழிகளை முதலில் முயன்றேன். ரப்பர் விரிப்புப் போட்டேன். கம்பளியை நான்காக மடித்துப் போட்டேன். மணல் மூட்டையின்மேல் அம்மிக்கல்லை வைத்து அதன்மேல் தட்டச் சொன்னேன். ஓசை குறைந்தது, ஒழியவில்லை. காரணம் பின்னர் விளங்கிற்று. சுத்தியலின் அடி இமைப்பொழுதில் சிறு பகுதிக்குள் முடிந்துவிடுகிறது. முழு விசையும் அந்தக் கணத்திலேயே தளத்துள் இறங்கி, கான்கிரீட்டின் வழியே கீழ்வீட்டுக் கூரையை அதிரச் செய்கிறது. காற்றில் வரும் ஓசையைக் கதவடைத்துத் தடுக்கலாம். தளத்தின் வழியே வரும் ஓசையைக் கதவு தடுக்காது. ஆகவே அடியை மெத்தென்று ஆக்குவதில் பயனில்லை. அடிப்பதையே விட்டுவிட்டு அழுத்த வேண்டும்.

திருகி இறுக்கும் இரும்புப் பிடியில் பல்லுளியை வைத்து அழுத்திப் பார்த்தேன். ஓசை சிறிதும் இல்லை. ஆனால் ஒவ்வொரு முறையும் பலமுறை திருகி இறக்கி, அத்தனை முறையும் திருகி ஏற்ற வேண்டும். 150 முறை இதைச் செய்வதற்குள் ஒரு நாள் போய்விடும்.

விடை என் வீட்டிலேயே, என் தகப்பனார் மடியிலேயே இருந்தது. ஒரு மாலை அவர் வெற்றிலைச் செல்லத்தைத் திறந்து பாக்கு வெட்டினார். கொட்டைப்பாக்கு கல்லைப் போன்றது. கத்தியை வைத்து அதைப் பிளக்க வேண்டுமானால் ஓங்கி அடிக்க வேண்டும். பாக்குவெட்டியோ ஓசையின்றி இரண்டாக்கியது. பள்ளியில் படித்த நெம்புகோல் பாடம் நினைவுக்கு வந்தது. பாக்குவெட்டியின் ஒரு முனையில் கீல், கீலை ஒட்டிப் பாக்கு, மறுமுனையில் கை. கீலுக்கும் கைக்கும் உள்ள தொலைவு, கீலுக்கும் பாக்குக்கும் உள்ள தொலைவைப் போல எத்தனை மடங்கோ, அத்தனை மடங்கு கையின் வலிமை பெருகுகிறது. பெரிய பாக்குவெட்டி ஒன்றைச் செய்து, வெட்டும் அலகுக்குப் பதில் பல்லுளியை வைத்தால் போதும் அல்லவா?

இரும்பு தேட வேண்டியதாயிற்று. பணிமனையில் நண்பர் ஒருவர், ‘இங்கே துருப்பிடித்துக் கிடப்பதில் ஒரு துண்டு எடுத்துக்கொள்ளேன்’ என்றார். அன்பினால் சொன்னதே. ஆனால் ரயில்வே உடைமை துருப்பிடித்தாலும் ரயில்வே உடைமைதான். 1966ஆம் ஆண்டிலேயே அதற்கென்று சட்டம் இருக்கிறது. மறுத்துவிட்டு, குர்லாவில் பழைய இரும்பு விற்கும் கடைகளில் விலை கொடுத்து வாங்கினேன்.

கருவியின் அமைப்பை விரும்புவோர்க்காகச் சற்று விரிவாகச் சொல்கிறேன். அடியில் 4 சென்டிமீட்டர் கனமுள்ள மரப்பலகை. அதன் ஒரு கோடியில் இரண்டு நிமிர்ந்த இரும்புத் தூண்கள். தூண்களின் இடையே 12 மில்லிமீட்டர் போல்ட்டில் கோத்த நீண்ட நெம்புகோல். போல்ட்டிலிருந்து 7 சென்டிமீட்டர் தொலைவில் உளித்தண்டு நேர்கீழாகத் தொங்குகிறது. போல்ட்டிலிருந்து 63 சென்டிமீட்டர் தொலைவில் கைப்பிடி. ஆக, வலிமை ஒன்பது மடங்கு. 10 கிலோ எடைக்குரிய விசையைக் கையால் கொடுத்தால், உராய்வில் கழிவது போக, ஏறத்தாழ 90 கிலோவுக்குரிய விசை பல்லுளியில் இறங்குகிறது. ஆனால் கருவி எதையும் இலவசமாகத் தருவதில்லை. உளி 2 சென்டிமீட்டர் இறங்க வேண்டுமானால் கைப்பிடி 18 சென்டிமீட்டர் இறங்க வேண்டும்.

இதை எழுதுவது எளிதாக இருக்கிறது. செய்தபோது நான்கு முறை தோற்றேன். தூண்களை முதலில் மரத்தால் செய்தேன். அழுத்தும்போது அவை சற்றே வளைந்தன. பற்கள் சாய்வாக இறங்கின. தோலின் முன்பக்கம் துளைகள் நேராக இருந்தன. பின்பக்கம் பாம்பு ஊர்ந்த தடம் போல இருந்தன. ஆகையால் தூண்களை இரும்பாக மாற்றினேன். அடுத்து, உளித்தண்டாக உருண்டைக் கம்பியை வைத்திருந்தேன். அது குழாய்க்குள் சுழன்று, துளை வரிசையைக் கோணலாக்கியது. அதனை நீக்கிவிட்டு, 25 மில்லிமீட்டர் சதுரக் குழாய்க்குள் 20 மில்லிமீட்டர் சதுரக் கம்பியை இறக்கினேன். குழாயின் சுவர் 2 மில்லிமீட்டர் கனம். உள்ளே 21 மில்லிமீட்டர் இடம். எஞ்சிய இடைவெளியை மெல்லிய தகடு வைத்து நிரப்பி மசகு தடவினேன். அதன்பின் தண்டு சுழலவில்லை.

மூன்றாவது குறை என்னை ஒரு வாரம் அலைக்கழித்தது. தண்டு பாதி இறங்கியதும் சிக்கிக்கொண்டது. நெம்புகோல் போல்ட்டைச் சுற்றி வட்டப் பாதையில் அசைகிறது. தண்டோ நேர்கோட்டில் இறங்க வேண்டும். இரண்டுக்கும் உள்ள வேற்றுமை ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவே. அந்தச் சிறு வேற்றுமை இரும்பைப் பூட்டிவிட்டது. நெம்புகோலில் தண்டைக் கோக்கும் துளையை அரத்தால் ராவி நீள்துளையாக்கினேன், சிக்கல் தீர்ந்தது. வளைந்து செல்வதையும் நேரே செல்வதையும் இணைக்கும் இடத்தில் சற்று இடம் விட வேண்டும் என்று அந்தத் துளை எனக்குக் கற்பித்தது.

நான்காவது குறையை நான் தீர்க்கவில்லை. பற்கள் தோலைத் துளைத்துவிட்டு மேலே எழும்போது தோலையும் தூக்கிக்கொண்டு வந்தன. குரோம் உப்பால் பதனிட்ட மென்தோல் பல்லை இன்னும் இறுகப் பற்றிக்கொண்டது. பல்லில் மெழுகு தடவினேன், போதவில்லை. அதுவரை ஒன்றும் பேசாமல் பார்த்துக்கொண்டிருந்த தகப்பனார், ‘எல்லாம் சரி கண்ணு. இதுக்குக் கால் எங்கே?’ என்று கேட்டார்.

எனக்குப் புரியவில்லை. அவர் தம் காலை நீட்டித் தோலைப் பெருவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் இடையே இறுக்கிக் காட்டினார். தோல் தைப்பவனுக்குக் கால் மூன்றாவது கை. ஊசியை இழுக்கும்போது தோல் கூடவே வராதபடி அது பிடித்துக்கொள்ளும். என் கருவிக்கு ஊசி இருந்தது, கை இருந்தது, கால் இல்லை. மறுநாளே ஓர் இரும்புத் தகட்டில் நீண்ட வெட்டு ஒன்று வெட்டி, பற்கள் அதனூடே சென்று வரும்படி தோலுக்குச் சற்று மேலே பொருத்தினேன். பற்கள் எழும்போது தோல் அத்தகட்டில் முட்டி நின்றுவிட்டது. எங்கள் வீட்டில் அத்தகட்டுக்கு இன்றும் ‘கால்’ என்றே பெயர்.

என் மனைவியும் ஒரு திருத்தம் சொன்னாள். கைப்பிடியை அழுத்தும்போது கருவி முன்பக்கம் கவிழப் பார்த்தது. ‘தேங்காய்த் துருவி மணையில் உட்கார்ந்துதானே துருவுகிறோம்? பலகையை நீளமாகப் போட்டு மாமாவை அதன்மேலேயே உட்காரச் சொல்லுங்கள்’ என்றாள். அவ்வாறே பலகையை நீட்டினேன். உட்கார்ந்திருப்பவரின் எடையே கருவிக்கு நங்கூரமாயிற்று.

எஞ்சிய சிற்றோசைகளையும் ஒவ்வொன்றாக அடக்கினோம். பற்கள் தோலைத் துளைத்து இறங்கும் இடத்தில், சமையலறையில் காய் நறுக்கும் பிளாஸ்டிக் பலகையின் துண்டு ஒன்றை வைத்தோம். நெம்புகோல் வந்து நிற்கும் இடத்தில் பழைய டயர்த் துண்டு. தண்டை மேலே தூக்கும் சுருள்வில் ‘கிளிக்’ என்றது; அதற்கு என் தகப்பனார் தோலிலேயே வாஷர் வெட்டித் தந்தார். பலகையின் அடியில் ரப்பர். இப்போது கைப்பிடியை இறக்கினால் பட்டுத் துணி கிழிவது போன்ற மெல்லோசை ஒன்றே எழுகிறது. அதுவும் பக்கத்து அறைக்குக் கேட்பதில்லை.

எல்லா வேலையையும் இக்கருவி செய்துவிடும் என்று சொல்ல மாட்டேன். உளிக்கும் தூணுக்கும் இடையே உள்ள தொலைவு 7 சென்டிமீட்டருக்கும் குறைவு. ஆகையால் ஓரத் தையலுக்கு மட்டுமே இது பயன்படும். வளைவுகளில் இரண்டு பல் உளியை மாற்ற வேண்டும். மூலைகளில் பழைய குத்தூசியேதான். அந்த மூலைகள் வரும்போது என் தகப்பனார் முகத்தில் ஒரு பெருமிதம் தோன்றும்.

சாக்கு மறுபடியும் அவிழ்ந்தது. தோல் மூட்டை மறுபடியும் வந்தது. தட்டில் சோறு மிஞ்சுவது நின்றது. பள்ளியிலிருந்து வந்ததும் என் மகள் தாத்தாவின் எதிரே அமர்ந்து அழுத்தங்களை எண்ணுவாள். அவளுக்கு மூன்றாம் வாய்பாடு அப்படித்தான் மனப்பாடம் ஆயிற்று.

மூன்று வாரம் கழிந்தபின் ஒரு மாலை கதவு தட்டப்பட்டது. கீழ்வீட்டு ஓட்டுநரே வந்திருந்தார். என் மனம் திடுக்கிட்டது. இன்னும் ஏதோ ஓசை கேட்கிறது போலும் என்று எண்ணினேன். அவரோ தயங்கிக்கொண்டே, ‘பெரியவருக்கு உடல்நலம் இல்லையா? பல நாளாக ஓசையே இல்லையே. நாங்கள் சொன்னது அவர் மனத்தைப் புண்படுத்திவிட்டதோ என்று என் மனைவி கவலைப்படுகிறாள்’ என்றார்.

அவரை உள்ளே அழைத்தேன். என் தகப்பனார் பலகையின்மேல் அமர்ந்து துளையிட்டுக்கொண்டிருந்தார். ஓட்டுநர் சிறிது நேரம் நின்று பார்த்தார். குனிந்து காதைக் கொடுத்துக் கேட்டார். பிறகு, ‘இது யாருடைய தொழில்?’ என்று என்னைக் கேட்டார்.

‘பொழுதுபோக்கு’ என்னும் சொல் என் நாவின் நுனிவரை வந்தது. அப்போது தகப்பனார் என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. கைப்பிடியைப் பிடித்திருந்த அவர் கை மட்டும் நின்றது. ‘என் தகப்பனாருடைய தொழில். என் பாட்டனாருடையதும் இதுவே. நாங்கள் ஊரில் தோல் தைப்பவர்கள்’ என்று சொன்னேன்.

சொன்னபின் பெரிதாக ஒன்றும் நிகழவில்லை. ஓட்டுநர் தலையசைத்தார். பணிக்குக் கொண்டுபோகும் தம் பையின் வார் அறுந்திருப்பதாகவும், தைத்துத் தர இயலுமா என்றும் கேட்டார். நின்றிருந்த கை மறுபடி இறங்கியது. 14 ஆண்டுகள் நான் அஞ்சிய கணம் அவ்வளவு எளிதாகக் கடந்துபோயிற்று.

எல்லாரும் அவரைப் போலவே இருப்பர் என்று நான் சொல்லவில்லை. செய்தி பரவியபின் எங்கள் வீட்டில் தண்ணீர் அருந்துவதைத் தவிர்த்தவரும் உண்டு. அது நேரும் என்று அறிந்தே சொன்னேன். நேர்ந்தபோது வருத்தம் வராமல் இல்லை. ஆனால் மறைத்த நாட்களின் பாரம் இதைவிடக் கனமாக இருந்தது.

ரயில்வே பணியாளரின் குடும்பத்தில் ஒருவர் தொழில் செய்தால் அதனை நிருவாகத்துக்கு அறிவிக்க வேண்டும் என்பது 1966ஆம் ஆண்டின் நடத்தை விதிகளில் உள்ளது. கூலித் தையல் அவ்விதிக்குள் அடங்குமா என்ற ஐயத்தைச் சாக்காக வைத்து நான் நாளைக் கடத்திக்கொண்டிருந்தேன். உண்மையான காரணம் ஐயம் அன்று. எழுத வேண்டிய சொல். மறுநாள் அலுவலகத்தில் அந்தக் கடிதத்தை எழுதினேன். தொழில் என்னும் இடத்தில், ‘தோல் தைத்தல், என் தகப்பனார்’ என்று என் கையாலேயே எழுதிக் கையொப்பமிட்டேன்.

அடுத்தவர் உறங்குவதற்காக நம் ஓசையை அடக்கிக்கொள்வது நல்ல பண்பு. நம்மை நாமே மறைத்துக்கொள்வதற்காக அடக்குவது வேறு. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் அமைதியாகவே தோன்றும். நான் முதலில் விரும்பியது இரண்டாவது அமைதியை. என் தகப்பனாரும் கீழ்வீட்டாரும் சேர்ந்து எனக்கு முதலாவதைக் கற்பித்தனர்.

இக்கருவியைச் செய்ய விரும்பும் அன்பர்கள் நம் சங்கத்தின் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் என்னைக் கேட்கலாம். அளவுகளை வரைந்து தருகிறேன். ஓட்டுநரின் பைவார் ஓராண்டாகியும் அறுபடவில்லை. தையலைப் பற்றிய ஐயம் இருந்தால் என் தகப்பனாரைக் கேளுங்கள். பகலில் எப்போது வந்தாலும் அவர் வேலையில்தான் இருப்பார். ஓசை கேட்கவில்லையே என்று திரும்பிவிட வேண்டாம்.